பேனர்ல இருக்கற அந்த முகம்: சபைக் கமிட்டிகளுக்கு ஒரு போட்டோகிராஃபரோட திறந்த மடல்

மதிப்புக்குரிய போதகர் ஐயாமாருக்கும், கமிட்டியில இருக்கற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், மீடியா டீமை நடத்தற தம்பிமாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் யாருன்னு கேட்டா, ஆராதனை நடக்கறப்போ ஓரமா கழுத்துல ரெண்டு கேமராவை மாட்டிக்கிட்டு யாருக்கும் மறைக்கக்கூடாதுன்னு குனிஞ்சு குனிஞ்சு நடப்பான் பாருங்க, அவன்தான். பன்னெண்டு வருஷமா இதைப் பண்றேன், சம்பளம் கிடையாது, கேட்டதும் இல்ல. இத்தனை வருஷத்துல என்கிட்ட சொல்லப்பட்டது எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா மூணே விஷயம்தான். கூட்டம் நிறைய தெரியற மாதிரி எடு, ஐயா கையைத் தூக்கிப் பேசறப்போ ஒண்ணு எடு, குடுக்கறப்போ ரெண்டு பேரும் கேமராவைப் பார்க்கற மாதிரி எடு. இந்த மூணாவதுதான் என்னை எழுத வெச்சது.

போன வருஷம் ஒரு உதவி வழங்கற நிகழ்ச்சி. வரிசையில நிக்க வெச்சு ஒவ்வொருத்தருக்கும் ஒரு பை, பையில சபை பேர் அச்சடிச்சிருந்தது, அந்தப் பேர் கேமராவுக்குத் தெரியணும்னு ஒரு அண்ணன் பக்கத்துலயே நின்னு ஒவ்வொரு பையையும் திருப்பித் திருப்பிக் குடுத்துக்கிட்டிருந்தார். ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், பையை வாங்கினதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிட்டாங்க. "அம்மா இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க"ன்னு சொன்னது வேற யாரும் இல்ல, நான்தான். அவங்க திரும்பினாங்க, சிரிக்கவும் செஞ்சாங்க. 1/200 செகண்ட், எஃப் 2.8, கண்ணு ரெண்டும் கத்தி மாதிரி ஷார்ப். அந்த வருஷம் நான் எடுத்ததுலயே டெக்னிக்கலா நல்ல படம் அதுதான், நீங்களும் அப்படித்தான் நினைச்சீங்க, அதனாலதான் அது ஆண்டறிக்கை அட்டையில வந்துச்சு, அப்புறம் ஆறடி பேனராவும் வாசல்ல நின்னுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அந்த அம்மா என்னைத் தேடி வந்தாங்க. சண்டை போடல. "தம்பி, என் பையன்கூட படிக்கிற பசங்க அந்த பேனரைப் பார்த்துட்டு அவன்கிட்ட கேக்கறாங்களாம், எடுத்துர முடியுமா"ன்னு மட்டும் கேட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி மத்தேயு 6-ம் அதிகாரத்தைத் திறந்தேன். எதுக்குத் திறந்தேன்னு உங்களுக்கே தெரியும், "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது." சின்ன வயசுலேர்ந்து மனப்பாடம். இடது கைக்கே தெரியக்கூடாதுன்னு சொன்ன விஷயத்துக்கு நான் லைட் ஸ்டாண்டு போட்டு படம் எடுத்திருக்கேன். ஆனா அதோட நிக்கல, அதே அதிகாரத்தை மேல படிச்சுக்கிட்டே போனேன், 22-ம் வசனத்துல "கண்ணானது சரீரத்தின் விளக்காயிருக்கிறது" வருது, 28-ல "காட்டுப் புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப் பாருங்கள்" வருது. கை, கண்ணு, பார்வை, மூணும் ஒரே அதிகாரத்துக்குள்ள. அந்த "கவனித்துப் பாருங்கள்"ங்கற இடத்துல கிரேக்கத்துல இருக்கற வார்த்தை சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுப் போறதைச் சொல்லல, உத்துப் பார்த்து அதுலேர்ந்து கத்துக்கறதைச் சொல்லுது. நாம இந்த வசனத்தை எப்பவும் கவலைப்படாதேங்கறதுக்கு மட்டும்தான் பிரசங்கம் பண்றோம். எனக்கு அன்னிக்கு அது ஒரு கட்டளையா கேட்டுச்சு, பாருன்னு. நான் பன்னெண்டு வருஷமா எடுத்துக்கிட்டிருந்தேன், பார்த்தேனான்னு கேட்டா சந்தேகம்தான்.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான், கேமரா சபைக்கு விளம்பரம் பண்ற மெஷின்னு நீங்க நினைக்கறவரைக்கும் என்னை மாதிரி ஆளுங்க உங்களுக்கு எடுபிடி, அது பார்க்கக் கத்துக்குடுக்கற ஒரு ஜெபம்னு நீங்க ஒத்துக்கிட்டா நாங்களும் பாடகர் குழு மாதிரி ஆராதனைக்குள்ள இருக்கறவங்க.

கொஞ்சம் விளக்கிடறேன். மாற்கு 8-ல ஒரு குருடனை இயேசு ரெண்டு தடவையா குணமாக்குவார், ஞாபகம் இருக்கா? முதல் தடவை கை வெச்சதும் என்ன தெரியுதுன்னு கேட்டா "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்"னு சொல்றான். லென்ஸ் பிடிச்ச எவனும் இந்த இடத்துல சிரிச்சுடுவான், ஏன்னா அது அப்பட்டமா ஃபோகஸ் அவுட். வெளிச்சம் வந்தாச்சு, உருவம் வந்தாச்சு, ஆனா மனுஷன் மனுஷனா தெரியல. ரெண்டாவது தடவை தொட்டப்புறம்தான் தெளிவா தெரியுது. நாம சபையில எடுக்கற முக்கால்வாசி படம் முதல் தொடுதலோட நின்னுபோன படம்தான், ஆளுங்க மரம் மாதிரி வரிசையா நிப்பாங்க. அதே மாதிரி லூக்கா 7-ல, பாவியான ஸ்திரீ பாதத்துல அழுதுக்கிட்டிருக்கறப்போ இயேசு விருந்துக்குக் கூப்பிட்ட பரிசேயன் சீமோன்கிட்ட பேசறார், ஆனா முகம் அந்தப் பொம்பளை பக்கம் திரும்பியிருக்கு, "இந்த ஸ்திரீயைப் பார்க்கிறாயே"ங்கறார். சீமோன் அவளைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தான், ஆனா அவன் கண்ணுக்கு அவளோட கேஸ்தான் தெரிஞ்சுச்சு.

போட்டோகிராஃபிங்கற பேரே கிரேக்கத்துல ஒளியால எழுதறதுன்னு அர்த்தம், 1839-ல ஜான் ஹெர்ஷல்ங்கற இங்கிலாந்து விஞ்ஞானி அந்தச் சொல்லை எடுத்துப் பரப்பினார். கிழக்கத்திய சபைகள்ல ஐகானை, அதாவது இயேசு, புனிதர்களோட திருவுருவப் படத்தை, வரையறதுன்னு சொல்ல மாட்டாங்க, எழுதறதுன்னுதான் சொல்வாங்க, உபவாசமும் ஜெபமும் அந்த வேலையோட சேர்ந்ததுன்னு ஒரு மரபே இருக்கு. கேமராவுக்கு மட்டும் நாம பேட்டரி சார்ஜ் ஆயிடுச்சான்னுதான் கேக்கறோம்.

இதுல முன்மாதிரியே இல்லாம நான் பேசலை. ஜூலியா மார்கரெட் கேமரன்னு ஒரு அம்மா, 1815-ல கல்கத்தாவுல பிறந்தவங்க, 1879-ல இலங்கையில இறந்தாங்க, அவங்க கைக்கு கேமரா வந்தப்போ வயசு 48, மகளும் மருமகனும் குடுத்த பரிசு. ஆங்கிலிக்கன் சபை, நல்ல பக்தி. அவங்க எடுத்த மரியாள் படங்கள் இன்னிக்கும் மியூசியத்துல இருக்கு. அதுல மரியாளா இருக்கறது யார் தெரியுமா, அவங்க வீட்டுல வேலை செஞ்ச பொண்ணு மேரி ஹில்லியர். எஜமானி வேலைக்காரிகிட்ட குனிஞ்சு, இந்த முகத்துல ஆண்டவரோட தாயைப் பார்க்கிறேன்னு பல நிமிஷம் ஆடாம உட்கார வெச்சு கண்ணாடித் தட்டுல ரசாயனம் காயறதுக்குள்ள எடுத்த படங்கள் அதெல்லாம். அந்தக் காலத்து போட்டோகிராஃபர்கள் ஃபோகஸ் சரியில்ல, கறை இருக்குன்னு கிண்டல் பண்ணினாங்க. கலாத்தியர் 5-ல வர்ற ஆவியின் கனிகளை ஒன்பது படமா எடுத்ததும் இவங்கதான். அன்பு, சந்தோஷம், சமாதானத்தை எல்லாம் எப்படிடா படம் எடுக்கறதுன்னு நான் இன்னிக்கும் யோசிக்கறேன்.

இதை ஏன் சொல்றேன்னா எனக்கும் ஒரு மேரி ஹில்லியர் படம் இருக்கு. ஆராதனைக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்து தரையைத் துடைக்கிற அக்கா, கிழக்கு ஜன்னல்லேர்ந்து வெளிச்சம் ஈரத் தரையில விழுந்து அவங்க முகத்துல கீழேர்ந்து மேல அடிக்குது, அவங்க வாய்க்குள்ள ஏதோ பாடிக்கிட்டிருக்காங்க. ஒரு பெஞ்சு பின்னாடி உட்கார்ந்து அரை மணி நேரம் காத்திருந்து எடுத்தேன், அவங்ககிட்ட காட்டினேன், ரொம்ப நேரம் பார்த்துட்டு "நானாய்யா இது"ன்னாங்க. காலண்டருக்குக் குடுத்தேன். "இதுல என்ன செய்தி இருக்கு"ன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. அந்த மாசத்துக்கு மேடையில பூமாலையோட இருக்கற குரூப் போட்டோ வந்துச்சு. கோபத்துல எழுதலை, ஆனா கோபம் இல்லைன்னும் சொல்ல மாட்டேன்.

இப்போ நீங்க கேப்பீங்க, கஷ்டப்படறவங்களைக் காட்டினாத்தானே ஜனங்க உதவி பண்ணுவாங்க, காட்டாம எப்படின்னு. நியாயமான கேள்விதான், இதுக்கு பதில் தேடித்தான் நான் ரொம்ப நாள் அலைஞ்சேன். ஆலிஸ் சீலி ஹாரிஸ்னு ஒரு மிஷனரி அம்மா, காங்கோவுல இருந்தாங்க, அப்போ அந்த நாடே பெல்ஜியம் ராஜா ரெண்டாம் லியோபோல்டோட சொந்த சொத்து மாதிரி. ரப்பர் அளவு குறைஞ்சா ஊரையே அழிக்கறது, கையை வெட்டறதுன்னு நடந்த காலம். 1904-ல ன்சாலாங்கற ஒருத்தர் இலையில சுத்தின ஒரு பொட்டலத்தோட மிஷன் வீட்டுக்கு வர்றார், உள்ள இருந்தது அவரோட அஞ்சு வயசு மகள் போவாலியோட ஒரு கையும் ஒரு பாதமும். ஆலிஸ் அவரை வராண்டாவுல உட்கார வெச்சு அந்தப் படத்தை எடுத்தாங்க. அவர் கேமராவைப் பார்க்கலை, முன்னாடி தரையில இருக்கறதைத்தான் பார்க்கிறார். அந்தப் படங்களை ஸ்லைடு ஆக்கி, மேஜிக் லாந்தர்ங்கற அந்தக் காலத்து புரொஜெக்டர்ல போட்டு பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் சபை சபையா காட்டினாங்க. அந்த எதிர்ப்பு பெருசாகிப் பெருசாகி 1908-ல காங்கோ ராஜா கையைவிட்டுப் போச்சு. எல்லாத்தையும் ஒரு படம் பண்ணிடலை, அறிக்கைகள், கடிதங்கள், சங்கம்னு நிறைய பேர் உழைச்சாங்க, ஆனா ராஜாவோட ஆளுங்க எந்த அறிக்கையையும் பொய்னு சொல்லிட முடிஞ்சுச்சு, இந்தப் படத்தை அப்படிச் சொல்ல முடியலை.

இந்தப் படத்தையும் நம்ம பேனரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். ரெண்டுலயும் கஷ்டப்படற ஒருத்தர் இருக்காங்க, ரெண்டையும் எடுத்தது விசுவாசி, ரெண்டுமே சபையில காட்டத்தான். என்ன வித்தியாசம்னு கண்டுபிடிக்க எனக்கு நாளாச்சு. ஆலிஸோட படத்துல உதவி பண்றவங்க ஃப்ரேம்லயே இல்ல. மிஷனரி இல்ல, மிஷன் பேர் இல்ல, குடுக்கற கை இல்ல. அந்தப் படம் ன்சாலாவை வெட்கப்பட வைக்கலை, வெட்கப்பட வேண்டியவனை வெட்கப்பட வெச்சுச்சு. அவர் பேரும் பொண்ணு பேரும் நூத்தி இருபது வருஷம் கழிச்சும் நமக்குத் தெரியுது. நம்ம பேனர்ல இருக்கற அம்மா பேர் கமிட்டியில எத்தனை பேருக்குத் தெரியும்?

அதுக்காக பழைய ஆளுங்க எல்லாரும் சரியா பண்ணினாங்கன்னு இல்ல. ஜேக்கப் ரீஸ், நியூயார்க் சேரிகளைப் படம் எடுத்து 1890-ல புத்தகமா போட்டவர், பக்தியுள்ள மனுஷன், அவர் படங்களால வீட்டுச் சட்டங்களே மாறறதுக்கு ஒரு வழி பிறந்துச்சு. ஆனா ராத்திரியில தூங்கறவங்க அறைக்குள்ள போய் ஃப்ளாஷ் பவுடரைக் கொளுத்தி எடுத்தார், ஒரு தடவை கண்ணு தெரியாதவங்க இருந்த அறையில அந்த ஃப்ளாஷால சுவத்துல தொங்கின துணி பத்திக்கிச்சு, அவரே அணைச்சார். நல்ல நோக்கம் இருந்தா மட்டும் பத்தாது, நெருப்பு நெருப்புதான்.

சில பெரியவங்க என்கிட்ட வேற மாதிரி கேப்பாங்க, படமே வேணாம் தம்பி, யாத்திராகமம் 20-ல சொரூபம் கூடாதுன்னு இருக்கேன்னு. இந்தச் சண்டை நம்மகிட்ட ஆரம்பிக்கலை, எட்டாம் நூற்றாண்டுல ஐகான்களை உடைச்சாங்க, 787-ல இரண்டாம் நைசியா சங்கத்துல கூடி மரியாதை வேற, தேவனுக்கே உரிய ஆராதனை வேறன்னு முடிவு பண்ணினாங்க, அதை ஏத்துக்காத சபைகளும் உண்டு. நான் அதுக்குள்ள போகலை. என் பக்கத்துலேர்ந்து ஒண்ணு மட்டும், கேமராவால தேவனைப் படம் எடுக்க முடியாது, வெளிச்சம் எதுமேல விழுதோ அதைத்தான் எடுக்கும். தாமஸ் மெர்ட்டன்னு ஒரு துறவி இருந்தார், 1968-ல இறந்தார், கடைசி வருஷங்கள்ல ஒரு இரவல் கேமராவை வெச்சுக்கிட்டு மர வேரு, பழைய நாற்காலி, சுவர்னு எடுத்துக்கிட்டிருந்தார். அவர் ஒரு தடவை வானத்துல தனியா தொங்கற ஒரு இரும்புக் கொக்கியை எடுத்துட்டு, தேவனைப் பத்தி நமக்குத் தெரிஞ்ச ஒரே போட்டோ இதுதான்னு பேர் வெச்சார். அந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாத்திராகமம் 31-ல ஆசரிப்புக் கூடாரத்தைச் செஞ்ச கைவினைஞர் பெசலெயேலுக்கு தேவ ஆவியைக் குடுத்தது பிரசங்கத்துக்கு இல்லையே, பொன்னுலயும் வெள்ளியிலயும் மரத்துலயும் கைவேலை செய்யத்தானே.

இதோட சேர்த்து உண்மையைப் பத்தியும் ஒரு வார்த்தை. 1969-ல அன்னை தெரசாவைப் பத்தி பிபிசிக்கு ஒரு டாக்குமெண்டரி எடுக்கப் போனாங்க, மரிக்கறவங்களைப் பார்த்துக்கற அந்த இல்லத்துக்குள்ள ரொம்ப இருட்டு, எதுவும் விழாதுன்னு நினைச்சே எடுத்தாங்க, கழுவிப் பார்த்தா பளிச்சுன்னு வந்திருந்துச்சு. கூடப் போன பத்திரிகையாளர் மால்கம் மகரிட்ஜ் அது தெய்வீக ஒளின்னு சொல்லி, அற்புதம்னு எழுதவும் செஞ்சார். கேமராமேன் கென் மேக்மில்லன் பின்னாடி என்ன சொன்னார்னா, அது கோடாக் கம்பெனியோட புது ஃபிலிம், கோடாக்குக்கு ஒரு ஜேன்னு சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். தெரசா அம்மா அங்க செஞ்ச வேலைக்கு ஃபிலிம்லேர்ந்து ஒளி வரத் தேவையே இல்ல. இப்போ ஃபிலிம் போய் ஏஐ வந்தாச்சு. 2023-ல போப் பிரான்சிஸ் வெள்ளைக் குளிர் கோட்டு போட்ட மாதிரி வந்த படத்தை எத்தனை பேர் நம்பினாங்க, அது மெஷின் பண்ணின படம். மேகத்துல இயேசு முகம்னு தினமும் ஃபார்வேர்ட் வருது, அதை சபை குரூப்லயே ஆமென் போட்டு அனுப்பறாங்க. காலி நாற்காலியை மறைக்க கூட்டத்தை காப்பி பேஸ்ட் பண்ணித் தரச் சொல்லி என்கிட்டயே கேட்டிருக்கீங்க. நான் பண்ணிக் குடுத்தேன். முன்வரிசையில சிவப்புச் சட்டைக்காரர் ஒருத்தர் அந்தப் படத்துல மூணு இடத்துல உட்கார்ந்திருப்பார், இன்னும் யாரும் கவனிக்கலை.

அப்புறம் நாங்க பண்ற தொந்தரவையும் ஒத்துக்கறேன். திருவிருந்து நேரத்துல, சபையே தலை குனிஞ்சிருக்கறப்போ டக் டக்னு ஷட்டர் சத்தம், அது பாவம்தான். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருக்கு, ஆனா நீங்க போட்டிருக்கற எல்இடி லைட்டுக்குக் கீழ அது கோடு கோடா விழும், அதனால ஒண்ணு சத்தம், இல்லாட்டி கோடு. இதுக்கு டெக்னிக்கல் தீர்வு தேட வேணாம்னு நினைக்கறேன், அந்த நேரத்துல கேமராவைக் கீழ வெக்க விடுங்க. மறுரூப மலையில இயேசு முகம் சூரியன் மாதிரி பிரகாசிச்சப்போ பேதுரு உடனே மூணு கூடாரம் போடலாம்னார், அதாவது அந்த நிமிஷத்தைப் பிடிச்சு வெக்கணும். இப்போ இருந்திருந்தா போனை எடுத்திருப்பார். ஆனா இறங்கி வர்றப்போ இயேசு சொன்னது, மனுஷகுமாரன் மரிச்சோர்லேர்ந்து எழுந்திருக்கறவரைக்கும் யாருக்கும் சொல்லாதீங்க. இந்த பன்னெண்டு வருஷத்துல நான் ஒரு தடவைகூட முழு ஆராதனையும் உட்கார்ந்து பாடினதில்ல, திருவிருந்துல அப்பத்தை வாங்கின கையோட அடுத்த ஆங்கிளுக்கு ஓடியிருக்கேன்.

அதனால கேக்கறேன். உதவி வாங்கறவங்க முகம் வேணாம், அவங்களா வந்து எடுங்கன்னு சொன்னா ஒழிய. வேணும்னா கைகளை எடுக்கறேன், பைகளை அடுக்கறவங்களை எடுக்கறேன், மூட்டை தூக்கின தம்பியோட முதுகு வியர்வையை எடுக்கறேன், அதுவும் சாட்சிதானே. கணக்கு காட்டணும்னா கையெழுத்து வாங்குங்க, ரசீது வெச்சுக்கோங்க, முகம் ரசீது இல்ல. சின்னப் பிள்ளைங்க படத்தை பெத்தவங்ககிட்ட கேக்காம எங்கயும் போடாதீங்க, இதுக்கு மேல இதைப் பத்தி பேசவே கூடாது, இது அடிப்படை. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை எங்களை கேமரா இல்லாம உட்கார விடுங்க. வருஷத்துல ஒரு தடவையாவது எதுவும் சொல்லாம, ஆர்டர் போடாம, போய் பார்த்துட்டு வாங்கன்னு அனுப்புங்க, சபையில இருக்கற வாலிபப் பிள்ளைங்க கையில எல்லாம் நல்ல கேமரா போன் இருக்கு, "கவனித்துப் பாருங்கள்"னு ஒரு வசனத்தை மட்டும் குடுத்து விடுங்க, என்ன கொண்டு வராங்கன்னு பாருங்க. அதை சுவத்துல மாட்டி, கீழ யார் பேரும் போடாம, எல்லாரும் அஞ்சு நிமிஷம் அமைதியா நின்னு பார்த்தா போதும். அதுலயும் தரை துடைக்கிற அக்கா படத்தை நான் குடுப்பேன், இப்பவே சொல்லிட்டேன்.

கடைசியா, எங்க சபை கமிட்டிக்கு மட்டும். அந்த ஆறடி பேனரைக் கழட்டிட்டீங்க, நன்றி. ஆனா ஸ்டோர் ரூம்ல, பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாடி சுருட்டி வெச்சிருக்கறதைப் போன வாரம் பார்த்தேன், அடுத்த வருஷத்துக்கு ஆகும்னு யாரோ மேல எழுதி ஒட்டியிருந்தாங்க. அதை என்கிட்ட குடுத்துடுங்க. ஒரிஜினல் ஃபைலை ஏற்கெனவே அழிச்சுட்டேன், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஆண்டறிக்கை ஃபோல்டர்ல ஒரு காப்பி இருக்கு, அதையும் அழிச்சுடுங்க. சனிக்கிழமை சாயங்காலம் அந்த அம்மா வீட்டுக்குப் போறேன், பேனரைக் கையில எடுத்துட்டு. போதகர் ஐயா கூட வந்தா நல்லா இருக்கும். கேமரா கொண்டு வரலை.

உங்கள் சகோதரன்,
ஓரமா குனிஞ்சு நடக்கறவன்